பெண் பார்க்கப் போன ரோபோ

பெண் பார்க்கப் போகிறவன் தட்டில் என்ன கொண்டு போகலாம் என்பதற்கு நம்மவர்களிடம் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, பூ, கொஞ்சம் லட்டு. இவற்றால் இதுவரை யாருக்கும் ஆபத்து வந்ததில்லை. இந்தத் தட்டில் புதிதாக ஒன்றைச் சேர்த்து உலகத்துக்கு வழிகாட்ட வேண்டும் என்று நினைக்கிறவன் என்ன ஆவான் என்பதற்கு நான் உயிருள்ள சாட்சி. நான் ரோபோ கொண்டு போனேன்.

(ரோபோ என்றதும் கை கால் முளைத்த பொம்மையை நினைக்காதீர்கள். கால் இருந்திருந்தால் அன்றைக்கு அது எழுந்து ஓடியிருக்கும். நானும் பின்னாலேயே ஓடியிருப்பேன்.)

அது மடிக்கணினிக்குள் உட்கார்ந்துகொண்டு, நாம் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே டாலரையும் யூரோவையும் தானாக வாங்கி, தானாக விற்கும் ஒரு நிரல். நானே எழுதியது. உண்மைப் பணமெல்லாம் இல்லை. பயிற்சிக் கணக்கு. அதில் இருக்கும் பத்தாயிரம் டாலரைக் கொண்டு ஒரு ரொட்டி சானாய்கூட வாங்க முடியாது. ஆனால் திரையில் பார்க்கும்போது பணக்காரன் மாதிரி ஒரு சாய்மானம் வந்துவிடும்.

அப்போது எனக்கு ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில், கையுறை செய்யும் தொழிற்சாலையில் டெக்னீஷியன் வேலை. என் தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார். பேரன் அதே பாலில் விரல் செய்துகொண்டிருந்தான். (முன்னேற்றம் என்றால் சும்மாவா?) ஞாயிற்றுக்கிழமைகளில் ஈப்போவில் கணினி வகுப்புக்குப் போவேன். அங்கேதான் தாரணியைப் பார்த்தேன். காம்பாரில் நூலக வேலை. புத்திசாலி. மூன்றாவது வாரமே, "இது எனக்கு வராது சரா" என்று வகுப்பை விட்டுவிட்டாள். எனக்கும் வரவில்லை. ஆனால் அதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு பெண் வீடு, ஒரு தெரு, ஒரு சங்கு தேவைப்பட்டது.

தாரணியின் அப்பா அம்பலவாணர். யாழ்ப்பாணத்துப் பூர்வீகம். அரசாங்கத்தில் கணக்குகளைச் சரிபார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தாத்தா ஒரு தோட்டத்தில் கிராணியாக இருந்து, பால் நிறுப்பதைப் புத்தகத்தில் எழுதியவராம். என் தாத்தா வேறொரு தோட்டத்தில் பால் வாளியோடு வரிசையில் நின்றவர். சுருக்கமாகச் சொன்னால், அவர்கள் வம்சம் எண்களை எழுதியது. எங்கள் வம்சம் எண்களாக இருந்தது.

என்னைப் பற்றித் தாரணி வீட்டில் சொன்னதும் அவர் கத்தவில்லை, குதிக்கவில்லை. கணக்குக்காரர் அல்லவா? "பெடியன் கவனமானவனோ எண்டு ஒருக்காப் பாக்கவேணும். பாத்தபிறகு ஓம் எண்டால் ஓம். இல்லையெண்டால் இந்தக் கதை அதோட முடிஞ்சுது" என்றாராம்.

"ஒரு தடவதான் பாப்பாரு, சரா" என்றாள் தாரணி போனில். "சிரம்பான்ல ஒரு பல் டாக்டர் வீட்டுல வேற கேட்டுக்கிட்டே இருக்காங்க. ரெண்டாவது சான்ஸ் கெடையாது."

"நீ என்ன சொல்லி வச்சிருக்க என்னப் பத்தி?"

"தானா காசு வாங்கி விக்கிற ரோபோ செஞ்சிருக்காருன்னு சொன்னேன்."

"ஐயோ! அவரு என்ன சொன்னாரு?"

"வரேக்க அதையும் கொண்டு வரட்டுமாம்."

பல் டாக்டருக்கு எதிராக என்னிடம் இருந்த ஒரே ஆயுதம் அந்த ரோபோதான். (முப்பத்திரண்டு பல்லும் இருந்தது. ஆனால் அதுகூட அவன் பக்கம்தான் பேசும்.)

வெள்ளி இரவோடு நாணயச் சந்தை மூடிவிடும். சனி, ஞாயிறில் ரோபோ சவம் மாதிரி கிடக்கும். அதனால் பொது விடுமுறை விழுந்த ஒரு புதன்கிழமையாகப் பார்த்து, மாலை நான்கு மணியைக் கேட்டு வாங்கினேன். லண்டன்காரன் கடை திறக்கும் நேரமும் ஈப்போக்காரன் டீ குடிக்கும் நேரமும் ஒன்றாக வரும் அற்புத வேளை அது. அம்மா நாட்காட்டியைப் பார்த்து, "நல்ல நேரமாத்தான்டா கேட்டிருக்க" என்று நெகிழ்ந்து போனார். நான் லண்டனைப் பார்த்தேன் என்று சொல்லவில்லை.

இதில் குணா எங்கே வருகிறான் என்றால், எல்லா இடத்திலும் வருகிறான். குணா என் தாய்மாமன் மகன், அதாவது மச்சான். பகலில் லாரி ஓட்டுவான். மற்ற நேரமெல்லாம் உறுமி மேளக் குழு. கல்யாணம், காவடி, சாவு எதுவானாலும் அவர்கள் குழு போய் நிற்கும். என் ரோபோவைப் பார்த்ததும் அவன் உதட்டைப் பிதுக்கினான்.

"மச்சான், கோடு ஏறுது, கோடு எறங்குது. இதப் பாத்து அந்தப் பெருசுக்கு என்னா தெரியும்? சத்தம் வேணும்லா! ஆர்டர் விழுந்தா உறுமி அடிக்கணும். வித்து மூடுனா சங்கு ஊதணும். அப்படியே கோயில் மாரி இருக்கும்லா."

ஒரு முட்டாளைத் தடுத்து நிறுத்த ஒரு புத்திசாலி பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த அறையில் நாங்கள் இருவர் மட்டுமே இருந்தோம்.

புதன்கிழமை காலை குணா தன் போனில் பதிந்து வைத்திருந்த இரண்டு ஒலித்துண்டுகளை அனுப்பினான். உறுமியைப் போட்டுப் பார்த்தேன். அடி என்றால் அடி, வயிற்றுக்குள் குடலே தாளம் போட்டது. சமையலறையில் அம்மா, "யாரு வீட்டுலடா விசேஷம்?" என்றார். சங்கைப் போட்டுப் பார்க்கவில்லை. சங்குதானே, அது எப்படி ஊதும் என்று தெரியாதா? (இந்த வாக்கியத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.)

அத்தோடு நின்றிருந்தால்கூடப் பிழைத்திருப்பேன். விருந்தாளியாகப் போகிற நாள் என்றால் எங்கள் குடும்பத்தில் எல்லாவற்றையும் துடைப்பார்கள். நான் வாசலைக் கழுவினேன், மீசையைத் திருத்தினேன், காரைத் துடைத்தேன். பிறகும் கை பரபரத்ததால் நிரலைத் துடைக்க உட்கார்ந்தேன்.

இங்கே கொஞ்சம் டப்பாக்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிரல் எழுதும்போது எந்தத் தகவலையும் வெறுங்கையில் பிடித்துக்கொள்ள முடியாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு டப்பா, அது என்ன வகை டப்பா என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். விலைக்குப் புள்ளி வைத்த எண்ணைத் தாங்கும் டப்பா. எண்ணிக்கைக்கு முழு எண் டப்பா. பெயருக்கு எழுத்து டப்பா. இருப்பதிலேயே சின்னது, 'ஆமா' அல்லது 'இல்லை' என்ற இரண்டில் ஒன்றை மட்டும் வைக்கக்கூடிய டப்பா. (இதன் ஆங்கிலப் பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதினால் பத்திரிகை ஆசிரியர் இந்தக் கட்டுரையை எனக்கே திருப்பி அனுப்பிவிடுவார். ஆகவே ஆமா-இல்லை டப்பா என்றே அழைப்போம்.)

டப்பா விஷயத்தில் நான் வளர்ந்த விதம் அப்படி. எங்கள் அம்மா மிச்சக் குழம்பைக் கண்ணாலேயே அளந்து, அதற்குச் சரியான காலி ஐஸ்கிரீம் டப்பாவை எடுப்பவர். குழம்புக்கும் மூடிக்கும் நடுவில் ஒரு எறும்பு நிமிர்ந்து நிற்க இடமிருந்தால் அம்மாவுக்கு அது தோல்வி. "கொஞ்சூண்டு சாமானுக்கு எதுக்குடா அவ்ளோ பெரிய டப்பா?" என்ற கேள்வியைக் கேட்டுக் கேட்டு, என் ரத்தத்தில் சிவப்பணு, வெள்ளையணுவோடு அதுவும் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் கண்ணோடு என் நிரலைப் பார்த்தேன். ஆர்டர் எண்ணை ஒரு முழு எண் டப்பாவில் வைத்திருந்தேன். ஆர்டர் போட்டதும் தரகு நிறுவனத்தின் கணினி ஒரு நீளமான எண்ணைத் திருப்பித் தரும். டோபி கடையில் சட்டையைக் கொடுத்ததும் ஒரு எண் தருவார்களே, அது மாதிரி. அந்த எண்ணைக் காட்டினால்தான் சட்டை திரும்பி வரும்.

நான் என்ன யோசித்தேன் தெரியுமா? 'இந்த இடத்தில் எனக்குத் தெரிய வேண்டியது என்ன? ஆர்டர் போச்சா, போகலையா? ஆமாவா, இல்லையா? இதற்கு எதற்கு அவ்வளவு பெரிய டப்பா?' டப்பாவை மாற்றினேன். ஒரே ஒரு சொல். அம்மாவின் மகன்.

நிரலைச் சரிபார்க்கும் மென்பொருள் மஞ்சள் நிறத்தில் ஒரு எச்சரிக்கை காட்டியது. சிவப்பு இல்லை, வெறும் மஞ்சள். ஈப்போ சாலையில் மஞ்சள் விளக்கைப் பார்த்தால் நாம் என்ன செய்வோம்? அழுத்திப் பிடித்துத் தாண்டுவோம். தாண்டினேன்.

ஆமா-இல்லை டப்பாவுக்குள் பூஜ்யம் தவிர எந்த எண்ணைப் போட்டாலும் அது 'ஆமா' ஆகிவிடும். பிறகு எண்ணைக் கேட்டால், 'ஒன்று' என்று சொல்லும். ஆக, என் ரோபோ டோபி கடைக்குப் போய் சட்டையைக் கொடுக்கும், சீட்டைத் தின்றுவிடும். மறுபடி போய், "ஒன்றாம் நம்பர் சட்டை இருக்கா?" என்று கேட்கும். கடைக்காரன் இல்லை என்பான். "ஓ, அப்படியென்றால் நான் சட்டையே கொடுக்கவில்லை" என்று முடிவு செய்து, அடுத்த சட்டையைக் கழற்றிக் கொடுக்கும். இப்படியே கொடுத்துக் கொடுத்துக் கடைசியில் அது எந்தக் கோலத்தில் நிற்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். இதெல்லாம் எனக்கு இன்று தெரியும். அன்று மீசை திருத்திய முகத்தோடு கிளம்பினேன்.

அம்பலவாணர் வீட்டில் சாவி மாட்டும் ஆணிகளுக்குக்கூடப் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. 'வாசல்', 'பின்கதவு', 'கார்', 'மற்றவை'. 'மற்றவை' ஆணியில் ஒன்றுமே இல்லை. இப்படிப்பட்ட வீட்டுக்குள் நான், அம்மா, குணா மூவரும் நுழைந்தோம். அம்மா பழத்தட்டைக் கொடுத்துவிட்டு, பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார். அம்பலவாணர் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் படித்தார்.

"வெனிலா ஐஸ்கிரீம் எண்டு போட்டிருக்கு?"

"உள்ள முறுக்குங்க" என்றார் அம்மா.

"அப்ப ஏன் ஐஸ்கிரீம் எண்டு கிடக்கு?"

"டப்பா நல்லா இருந்துச்சுங்க."

அவர் அம்மாவையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கதவோரம் நின்ற தாரணி எனக்கு மட்டும் தெரியும்படி விரலைக் கோர்த்து வேண்டிக்கொண்டாள்.

"தம்பி, சம்பளம் எவ்வளவு?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "வருது அங்கிள்."

"வேலைக்குச் சேந்து எத்தனை வருசம்?"

"ஆமா அங்கிள். சேந்துட்டேன்."

"வீடு வாங்கிற எண்ணம் எப்ப?"

"இருக்கு அங்கிள்."

தாரணி நெற்றியில் கை வைத்துக்கொண்டு உள்ளே போனாள். அவர் பெருமூச்சு விட்டு, "சரி, அந்த மிசினைக் காட்டும்" என்றார்.

மடிக்கணினியை முறுக்கு டப்பாவுக்குப் பக்கத்தில் திறந்தேன். பயிற்சிக் கணக்குத்தான், உண்மைக் காசில்லை என்று விளக்கியதும் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. "அது புத்தி" என்றார். அன்று நான் வாங்கிய ஒரே பாராட்டு. அந்த வேகத்தில் ரோபோவைத் தட்டிவிட்டேன்.

டண்டணக்கு டணக்கு டணக்கு!

உறுமி இடித்ததில் மேசை மேல் தேநீர்க் கோப்பை நகர்ந்தது. தாரணியின் அம்மா உள்ளேயிருந்து கரண்டியோடு ஓடி வந்தார். அம்பலவாணர் நெஞ்சில் கை வைத்திருந்தார். குணா மட்டும் பெற்ற பிள்ளை மேடை ஏறியதைப் பார்ப்பவன் மாதிரி முழங்காலில் தாளம் போட்டான்.

"இது... இது என்ன?"

"ஆர்டர் போயிடுச்சு அங்கிள்!"

"எப்ப முடியும்?"

"கொஞ்ச நேரத்துல சங்கு ஊதும் அங்கிள்."

(நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் பெரியவரிடம் சொல்லக்கூடாத வாக்கியங்களுக்கு ஒரு போட்டி வைத்தால் எனக்குத்தான் கோப்பை.)

சங்கு ஊதவில்லை. அடுத்த நிமிடம் மறுபடி உறுமி. அதற்கடுத்த நிமிடம் இன்னொரு உறுமி. ரோபோ டோபி கடைக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டேயிருந்தது. நான் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "மார்க்கெட் இன்னிக்கு நல்லா இருக்கு அங்கிள்" என்றேன். தெருவில் நாய்கள் ஊளையிட ஆரம்பித்தன. குணா எழுந்து தோளைக் குலுக்கினான்.

"குணா, உக்காருடா!" என்றார் அம்மா பல்லைக் கடித்தபடி.

"அத்தே, நம்ம அடி அத்தே. உக்கார முடியலலா."

வாசல் கேட்டுக்கு வெளியே ஒரு தலை தெரிந்தது. பக்கத்து வீட்டு சோங் அங்கிள். அவரும் அம்பலவாணரும் நெடுநாள் அண்டை வீட்டுக்காரர்கள். பேச்சு எல்லாம் மலாயில்தான். அம்பலவாணர் என்ற பெயர் சோங் அங்கிள் வாயில் 'பாலா' ஆகிவிடும். "வாஹ்! காவின் கா?" என்று கத்தினார். கல்யாணமா என்று கேள்வி. தாரணியின் அம்மா இல்லை இல்லை என்று கையை ஆட்ட, அதே நேரம் உறுமி மறுபடி இடிக்க, சோங் அங்கிள் உறுமியை நம்பினார். வீட்டுக்குப் போய் ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடும் சிவப்பு உறையோடும் திரும்பி வந்தார். அவர் வருவதைப் பார்த்து எதிர் வீட்டு மலாய் அம்மா, மக்சிக், ஒரு தட்டு குவே பலகாரத்தோடு வந்தார். மூலை வீட்டுத் தம்பதி வெறுங்கையோடு வந்து, அடுத்தவர்கள் கையைப் பார்த்து வெட்கப்பட்டு நின்றார்கள். அம்பலவாணரின் போர்ட்டிகோவில் அவர் அழைக்காத ஒரு நிச்சயதார்த்தம் நடந்துகொண்டிருந்தது.

அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"தம்பி. இப்ப எத்தனை ஓடர் திறந்து கிடக்கு?"

"கெடக்கு அங்கிள்."

"எத்தனை?"

"ஆமா அங்கிள்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்து முறுக்கு டப்பா மேல் வைத்தார். "கிடக்கோ இல்லையோ எண்டு நான் கேக்கேல்லை. எத்தனை எண்டு கேட்டனான். வந்த நேரத்தில இருந்து பாக்கிறன். சம்பளம் கேட்டால் வருதாம். வருசம் கேட்டால் ஓமாம். எதைக் கேட்டாலும் ஓம் ஓம் எண்டால், நான் எதை வச்சு என்ர பிள்ளையைத் தாறது?" பிறகு உள்பக்கம் திரும்பி, "தாரணி, இங்க ஒருக்கா வாரும்" என்றார்.

அந்தக் குரல் எனக்குத் தெரியும். ஃபைலை மூடும் குரல். சிரம்பானில் ஒரு பல் டாக்டர் கைகழுவிக்கொண்டு தயாராவது என் கண்ணுக்குத் தெரிந்தது.

அந்தக் கணத்தில்தான் மண்டைக்குள் மஞ்சள் விளக்கு எரிந்தது. எத்தனை என்று கேட்டால் ஆமா என்று சொல்வது யார்? நான். என் ரோபோ என்ன செய்துகொண்டிருக்கிறது? அதே. எண்ணைக் கொடுத்தால் ஆமா, எண்ணைக் கேட்டால் ஆமா. நான் ரோபோ எழுதவில்லை. கைப்பட என் சுயசரிதையை எழுதி, அதற்கு மேளம் வேறு சேர்த்திருக்கிறேன்.

"அங்கிள், ஒரு நிமிஷம்!" என்று எழுந்துவிட்டேன். "எத்தனைன்னு எனக்குத் தெரியாது. ரோபோவுக்கும் தெரியாது. ஆர்டர் நம்பர அது தொலைச்சிடுச்சு. அது மேல தப்பு இல்ல. நான்தான் இன்னிக்குக் காலையில டப்பாவ மாத்திட்டேன். தேவையவிடச் சின்ன டப்பா."

"எந்த டப்பாடா?" என்றார் அம்மா பதறி. "முறுக்கு சரியாத்தானே இருந்துச்சு!"

"அப்ப மூடும்" என்றார் அம்பலவாணர்.

"மூடலாம் அங்கிள். எல்லாத்தையும் ஒண்ணா மூடுறதுக்கு ஒரு பட்டன் வச்சிருக்கேன். அதுக்கு நம்பர் தேவையில்ல, திறந்து கிடக்கிற எல்லாத்தையும் வரிசையா மூடிடும்."

நான் கையை நீட்டியதும் குணா என் மணிக்கட்டைப் பிடித்தான். இப்போது அவன் தோள் குலுங்கவில்லை. முகத்தில் ரத்தமில்லை.

"மச்சான், வேணாம்டா. சங்கு..."

"சங்கு ஊதுனா ஊதட்டும். விடு."

"இல்லடா. அந்தச் சங்கு கோயில்ல எடுத்தது இல்லடா."

அழுத்திவிட்டேன்.

பூஊஊஊம் என்று சங்கு எழுந்தது. அதோடு நிற்கவில்லை. சங்குக்குப் பின்னால் ஒரு பெண் குரல், நெஞ்சில் அடித்துக்கொள்ளும் சத்தத்தோடு, "என்ன விட்டுட்டுப் போயிட்டியே ராசாஆஆ!" என்று வெடித்தது.

"போன மாசம் பத்து காஜா ஊருல ஒரு எழவுக்கு வாசிக்கப் போனோம்லா" என்று குணா என் காதில் முனகினான். "அங்கதான் சங்கு நல்லா இருந்துச்சு."

ஓர் ஆர்டருக்கு ஒரு சங்கு. ஒரு சங்குக்கு ஒரு ராசா. ரோபோ எத்தனை சட்டை கொடுத்திருந்ததோ அத்தனை தடவை அந்த அம்மா அந்த ராசாவை இழந்தார். நான் ஒலியைக் குறைக்கப் போய், பதற்றத்தில் கூட்டிவிட்டேன். எங்கள் அம்மாவுக்குப் பழக்க தோஷம், முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். மூலை வீட்டுத் தம்பதி செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றார்கள். வெறுங்கையோடு வந்தது நல்லதாகப் போயிற்று என்ற நிம்மதி அவர்கள் முகத்தில் தெரிந்தது.

சோங் அங்கிள் சிவப்பு உறையைச் சட்டைப் பைக்குள் அவசரமாகத் திணித்தார். ஆரஞ்சுப் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். தொப்பியைக் கழற்றினார். இரண்டு சங்குகளுக்கு நடுவில் விழுந்த அமைதியில், மிகுந்த மரியாதையோடு, உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்டார்:

"பாலா, இனி காவின் கா, மாத்தி கா?"

இது கல்யாணமா, சாவா?

முதலில் சிரித்தது தாரணி. சிரித்தாள் என்பதைவிட, கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடுத்து அம்பலவாணரின் தோள் ஆடியது. மறுபடி நெஞ்சுவலியோ என்று நான் பாய்ந்தேன். இல்லை. அந்த மனிதருக்குச் சிரிப்பு வருகிறது, எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அந்த வீட்டில் அதற்கு ஆணி அடித்திருக்கவில்லை. கண்ணில் நீர் வழியச் சிரித்தார்.

கடைசிச் சங்கு ஓய்ந்தது. அவர் கண்ணைத் துடைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். மீண்டும் கணக்குக்காரர்.

"இப்ப எத்தனை கிடக்கு?"

திரையைப் பார்த்தேன். "பூஜ்யம் அங்கிள்."

"சம்பளம்?"

சொன்னேன். அடிப்படைச் சம்பளம், ஓவர்டைம், இரவு ஷிப்ட் அலவன்ஸ், கடைசி சென் வரைக்கும். குணா ஆச்சரியமாக என்னைப் பார்த்தான். (அவனிடம் அதுவரை பாதிதான் சொல்லியிருந்தேன்.)

"வயசு?"

"இருபத்தெட்டு. கார்த்திகையில இருபத்தொம்பது."

அவர் வாசலைப் பார்த்தார். அங்கே தெருவே காத்திருந்தது. ஒருவர் கையில் குவே, ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஆரஞ்சு. எதையாவது சொல்லி அனுப்பத்தான் வேண்டும். தாரணியைப் பார்த்தார். அவள் இன்னும் தரையில்தான் இருந்தாள், ஆனால் சிரிப்பு நின்று போயிருந்தது. என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து வாசலுக்குப் போய், சோங் அங்கிளின் தோளில் கை வைத்து ஒரே ஒரு சொல் சொன்னார்.

"காவின்."

இரண்டில் ஒன்று. அந்தப் பதிலுக்கு அந்தச் சின்ன டப்பாவே தாராளம்.

பிறகு திரும்பி, "இந்த வீட்டுக்குள்ள இனி அந்த மிசின் வரப்படாது. இவரும் வரப்படாது" என்று குணாவைக் காட்டினார். (இரண்டாவது நிபந்தனையை மூன்று மாதத்தில் அவரே தளர்த்திக்கொண்டார். வீடு மாற்ற லாரி தேவைப்பட்டது.)

அன்று விலை ஏறிக்கொண்டே போன நாள். அதனால் ரோபோ குருட்டுத்தனமாகக் குவித்த அத்தனை ஆர்டரும் லாபத்தில் மூடின. டப்பாவைச் சரியாக மாற்றி, மஞ்சள் எச்சரிக்கை ஒன்றுகூட இல்லாமல் எழுதிய பிறகு, ரோபோ ஒழுங்காக, நிதானமாக, ஆர்டர் எண்ணை ஒன்றுவிடாமல் நினைவு வைத்துக்கொண்டு முழுப் பணத்தையும் தோற்றது. பயிற்சிக் கணக்கு வாழ்க.

கல்யாணம் கோயில் மண்டபத்தில் நடந்தது. உறுமி, குணா குழு. தாலி கட்டும் நேரத்தில் வாசலில் ஏதோ தாமதம் என்று தாரணியின் அம்மா போய்ப் பார்த்தார். சோங் அங்கிள் கோட்டு சூட்டோடு நின்றிருந்தார், உள்ளே வரவில்லை. ஒரு கை இடது பையில், ஒரு கை வலது பையில். இடதில் சிவப்பு உறை, வலதில் வெள்ளை உறை. சீனர்கள் கல்யாணத்துக்குச் சிவப்பில் கொடுப்பார்கள், சாவுக்கு வெள்ளையில். "இந்த மாப்பிள்ளை வீட்டு விஷயத்தில் சத்தத்தைக் கேட்காமல் எடுக்க மாட்டேன்" என்று மலாயில் சொன்னாராம்.

இன்றுவரைக்கும் அப்படித்தான். எங்கள் மகளுக்குக் காது குத்தியபோதும், புது வீட்டுக்குப் பால் காய்ச்சியபோதும் கேட்டருகே நின்று இரண்டு பையையும் தட்டிக் காட்டிவிட்டு, என் மாமனாரிடம் அதே கேள்வியைக் கேட்பார். மாமனாரும் அதே ஒரு சொல்லைச் சொல்லி உள்ளே அழைப்பார்.

போன மாதம் மகளின் பிறந்தநாள். கேக் வெட்டப் போகும் நேரத்தில் மாமனார், "எத்தனை பேர் வந்திருக்கினம்?" என்று கேட்டார். நான் கையில் மெழுகுவர்த்தியோடு, யோசிக்காமல், "வந்திருக்காங்க மாமா" என்றேன்.

மாமனார் கண்ணாடியைக் கழற்றினார். வாசலில் சோங் அங்கிளின் கை மெல்ல வலது பைக்குப் போனது.